வாகன இலத்திரனியல் குரொஸ்ஓவர்

இலத்திரனியல் குரொஸ்ஓவர் என்பது வாகனத்தில் ஒலிக்கும் பாட்டின் தாழ்ந்த, நடு, உச்ச ஒலிகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி. பாட்டுச் செட்டுக்கும் அம்புக்கும் (அம்பிளிஃபயர்) நடுவில் இதைப் பூட்டுவார்கள். பல அம்புகளில் உள்ளேயே இருக்கும். அம்புக்குப் பின்னால், ஸ்பீக்கர் வயரில் சுருளும் கொண்டென்சரும் வைத்துப் பிரிப்பது பழைய முறை. அதில் பிரியும் இடத்தை மாற்ற உதிரியையே மாற்றவேண்டும். இலத்திரனியல் குரொஸ்ஓவரில் குமிழைத் திருப்பினால் போதும்.

இதைச் சரிசெய்யும் விதம் ஊருக்கு ஊர் மாறும். நானுஓயா, நுவரெலியாவுக்கான ரயில் நிலையம் உள்ள ஊர். கடல் மட்டத்திலிருந்து 1,600 மீற்றருக்கு மேலே உள்ள இந்த ஊரில் ஓடும் வேனுக்குச் செட் சரிசெய்வது, கொழும்பில் சரிசெய்வதைப் போன்றதல்ல. ஏற்றத்தில் வேன் தாழ்ந்த கியரில் முழங்கிக்கொண்டே போகும். நான்கு சிலிண்டர் இஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடினால் அதன் வெடிப்பு விநாடிக்கு 100 தடவை, அதாவது 100 ஹேட்ஸ். பாஸ் ஒலி வாழும் இடமும் அதுவே. இஞ்சின் பாஸை மூடிவிட, சாரதி குமிழைக் கூட்டுகிறார். இறக்கத்தில் இஞ்சின் அடங்கியதும் அதே பாஸ் கதவையே அதிரவைக்கிறது.

குளிரும் கணக்கில் வரும். பனி இறங்கி எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டால், அடைபட்ட சிறிய அறையில் ஆழ்ந்த ஒலி தானாகவே கூடும். ஆகவே, வண்டி எந்த நிலையில் அதிகம் ஓடுமோ அந்த நிலையில், கண்ணாடியை ஏற்றி வைத்தே சரிசெய்வது நல்லது. பக்கம் திறந்த முச்சக்கரவண்டிக்கு இந்த உதவி கிடையாது. அங்கே பெரிய வூஃபர் போட்டும் ஆழம் வராததற்கு இது முக்கிய காரணம்.

சரிசெய்யும்போது முதலில் செட்டில் பாஸ், டிரபிள், லவுட்னஸ் எல்லாவற்றையும் நடுநிலைக்குக் கொண்டுவந்து, அம்பின் கெயினை அடிக்கு இறக்கவேண்டும். ஆழ்ந்த ஒலிக்கான சப்வூஃபருக்கு 80 ஹேட்ஸுக்குக் கீழும், கதவு ஸ்பீக்கருக்கு அதற்கு மேலும் விடுவது நல்ல தொடக்கம். சரிவை ஒக்டேவுக்கு 24 டெசிபலாக வைத்தால், 40 ஹேட்ஸில் கதவு ஸ்பீக்கருக்குப் போகும் சக்தி ஏறத்தாழ 250இல் ஒரு பங்காகக் குறையும். சிறிய கூம்பு பிழைப்பது இதனால்தான். இந்த 24 டெசிபல் வடிவம் பரவியது சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலி என்ற பொறியியலாளர்களின் பெயரால். லிங்க்விட்ஸின் கட்டுரை 1976இல் வந்தது. பிரியும் இடத்தில் இரண்டு பக்கமும் 6 டெசிபல் குறைந்திருக்கும். சேரும்போது ஒலி மேடு பள்ளமில்லாமல் வரும்.

உச்ச ஒலிக்கான டுவீட்டரில் மிகுந்த கவனம் வேண்டும். தனி அம்பில் நேரே இணைத்த டுவீட்டருக்குத் தவறுதலாகப் பாஸ் போனால், அதன் மெல்லிய சுருள் சில நொடிகளில் எரிந்துவிடும். முதலில் 4,000 ஹேட்ஸ் அளவில் உயர்த்தி வைத்து, பிறகே மெதுவாக இறக்கவேண்டும். வயரில் ஒரு கொண்டென்சரைக் காவலுக்குப் போட்டுவிடுவது செலவு குறைந்த பாதுகாப்பு.

சோதிக்கத் தவில் பொருத்தமான வாத்தியம். தொப்பியில் கோல் விழும் ஆழ்ந்த அடியும், வலந்தலையில் விரல்கூடு எழுப்பும் கூர்மையும் ஒரே வாத்தியத்தின் இரு முகங்கள். சரியாகப் பிரித்த வண்டியில் இரண்டும் முன்பக்கம் ஒரே இடத்தில் கேட்கும். அடி பின்னாலும் விரல் முன்னாலும் கேட்டால், சப்வூஃபரின் பிரிப்பைச் சற்று இறக்கவேண்டும். அடியே மெலிந்து போனால், சப்வூஃபரின் பிளஸ், மைனஸ் வயர்களை மாற்றிப் பூட்டி, எந்த இணைப்பில் அடி நிறைந்து கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ள வேண்டும்.

இலங்கையில் சாரதி வலப்பக்கம் இருப்பதால் வலது கதவு ஸ்பீக்கர் அவருக்கு அருகில். இடது ஸ்பீக்கர் 50 சென்றிமீற்றர் தள்ளியிருந்தால் அதன் ஒலி சுமார் 1.5 மில்லி செக்கன் பிந்தும். டிஜிட்டல் செட்டில் வலது ஸ்பீக்கரை அதே அளவு தாமதிக்கலாம். பயணிகளை ஏற்றும் வேனில் அதைச் செய்யாமல் விடுவதே சரி. சாரதிக்குக் கூடும் நேர்த்தி, பின் இருக்கைகளுக்குக் குறையாக முடியும்.