கீமோதெரபியும் உணவும்: புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டை முன்வைத்து

கீமோதெரபி மருந்துகள் உடலில் வேலை செய்யும் விதத்தைச் சில உணவுகள் மாற்றுகின்றன. சில உணவுகள் மருந்தைக் குடல் கூடுதலாகவோ குறைவாகவோ உறிஞ்சச் செய்யும். சில, மருந்தைச் சிதைக்கும் நொதியை முடக்கும். வெகு சில, மருந்தோடு நேரடியாகப் பிணைந்து அதைச் செயலிழக்க வைக்கும். இந்த விளைவுகள் நோயைவிட மருந்தைப் பொறுத்தே அமைகின்றன. ஒரே நோய்க்கு வெவ்வேறு மருந்து எடுக்கும் இருவருக்கு உணவு விதிகளும் வெவ்வேறாக இருக்கலாம். அதனால்தான் “கீமோ எடுக்கும்போது எதைச் சாப்பிடக் கூடாது?” என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் பதில் கிடையாது.

புதுச்சேரியில் இந்தக் கேள்வி இரண்டு இடங்களுக்கு நடுவே எழுகிறது. ஒன்று கோரிமேட்டு ஜிப்மரின் மண்டலப் புற்றுநோய் மையம். பிரெஞ்சுக்காரர்கள் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர், 1964இல் இன்றைய பெயரைப் பெற்றது. 2008இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்தும் நோயாளிகள் இங்கே வருகிறார்கள். இன்னொன்று நேரு வீதியை ஒட்டிய பெரிய மார்க்கெட். முதல் முதலமைச்சர் எதுவார் குபேரின் பெயரால் குபேர் அங்காடி என்றும் வழங்கும் இந்த வளாகத்தில் கீரை, பழம், மீன், மளிகை எல்லாம் கிடைக்கும். மருந்தோடு மோதக்கூடிய பொருள்கள் சிலவும், மருந்தைத் தாங்கும் உடலுக்கு வேண்டிய பொருள்கள் பலவும் அங்கேயே இருக்கின்றன.

பத்தியமும் எடையிழப்பும்

புற்றுநோய் என்று தெரிந்ததும் வீட்டில் முதலில் மாறுவது சமையல். முட்டை சூடு, மீன் ஆகாது, தயிர் சளி, சர்க்கரை புற்றை வளர்க்கும் என்று வந்து பார்க்கும் ஒவ்வொருவரும் ஒன்றை விலக்கச் சொல்வார்கள். அன்பினால் சொல்வதுதான். ஆனால் நோயாளியின் தட்டில் கடைசியில் மிஞ்சுவது கஞ்சியும் ரசம் சாதமும். கீமோவால் ஏற்கெனவே குமட்டல், வாய்ப்புண், நாக்கில் உலோகச் சுவை என்று அவதிப்படுபவர் இதனால் மேலும் மெலிகிறார். எடையும் தசையும் குறைந்தவருக்குப் பக்கவிளைவு கடுமையாகிறது. மருந்தளவைக் குறைக்கவோ அடுத்த சுற்றைத் தள்ளிப்போடவோ நேர்கிறது. உணவால் கீமோவுக்கு வரும் கேடுகளில் இதுவே மிகப் பரவலானது. எந்த மருந்துச் சீட்டிலும் இது எழுதப்படுவதில்லை.

சர்க்கரை பற்றிய அச்சத்துக்கு ஒரு வேர் உண்டு. புற்றணுக்கள் குளுக்கோஸை மிகுதியாக எடுத்துக்கொள்வதை ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டார். ஆனால் சோற்றையும் பழத்தையும் நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்காது. உடல் தன் தசையைக் கரைத்துக் குளுக்கோஸ் செய்துகொள்ளும். கீமோ நாட்களை ஒட்டி விரதம் போன்ற குறை உணவு கொடுத்து, நெதர்லாந்தில் மார்பகப் புற்று நோயாளிகள் 131 பேரிடம் செய்த ஆய்வு 2020இல் வெளியானது. கடுமையான பக்கவிளைவுகள் அதனால் குறையவில்லை. பலரால் அந்த உணவைச் சில சுற்றுகளுக்கு மேல் தொடரவும் முடியவில்லை. நீரிழிவு உள்ளவரும், ஸ்டீராய்டு எடுப்பதால் சர்க்கரை ஏறியவரும் கட்டுப்பாட்டோடு உண்ண வேண்டியது வேறு விஷயம்.

கீரைக்கடையும் ஃபோலிக் அமிலமும்

உணவுக்கும் கீமோவுக்கும் உள்ள உறவு ஒரு வைட்டமினிலிருந்துதான் தொடங்கியது. 1920களின் இறுதியில் பம்பாய்க்கு வந்த ஆங்கில மருத்துவர் லூசி வில்ஸ், கர்ப்பிணிகளின் ஒருவகை ரத்தசோகை ஈஸ்ட் சாற்றால் குணமாவதைக் கண்டார். அதிலிருந்த பொருள்தான் பின்னர் ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ், லெடர்லி ஆய்வகத்தில் அதைச் செயற்கையாக உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். பாஸ்டனில் மருத்துவர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுக் குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்தபோது நோய் தணியவில்லை, வேகம்தான் பிடித்தது. அப்படியானால் அதற்கு எதிரான பொருளைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. சுப்பாராவ் குழு அத்தகைய பொருளான அமினோப்டெரினை அனுப்பியது. சிகிச்சை பெற்ற 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததை ஃபார்பர் 1948இல் வெளியிட்டார். அதே ஆண்டில் சுப்பாராவ் காலமானார். அமினோப்டெரினின் இடத்தை மெத்தோட்ரெக்சேட் பிடித்தது; அது இன்றும் முன்னணி மருந்து. நம் மண்ணில் படித்த ஒருவரின் பெயர் இந்த வரலாற்றில் இன்னும் உரக்க ஒலிக்க வேண்டும்.

இந்த ஒரே வைட்டமின் மூன்று வகை மருந்துகளிடம் மூன்று விதமாக நடந்துகொள்கிறது. மெத்தோட்ரெக்சேட்டின் வேலையை அது முறிக்கக்கூடும். அதனால் ஃபோலிக் அமிலத்தின் ஒரு வடிவமான லூக்கோவோரினை, அதிக அளவு மெத்தோட்ரெக்சேட் ஏற்றியபின் குறித்த நேரத்தில் கொடுத்து நல்ல அணுக்களைக் காக்கிறார்கள். குடல் புற்றுக்கான கேப்சிடாபின், ஃப்ளூரோயூராசில் மருந்துகளின் வீரியத்தையும் நச்சையும் ஃபோலிக் அமிலம் கூட்டும். சத்து மாத்திரை என்று நாமே வாங்கி விழுங்கினால் வயிற்றுப்போக்கும் வாய்ப்புண்ணும் கடுமையாகலாம். நுரையீரல் புற்றுக்கான பெமெட்ரெக்செட்டிலோ ஃபோலிக் அமிலமும் பி12உம் சேர்த்தே கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நச்சு ஏறும். பெரிய மார்க்கெட்டில் வாங்கும் அரைக்கீரையும் முருங்கைக்கீரையும் சமையல் அளவில் இந்தக் கணக்கைக் குலைப்பதில்லை. கவனிக்க வேண்டியது மாத்திரையையும் சத்து மாவு டப்பாவையும்தான்.

மாத்திரையும் சாப்பாட்டு நேரமும்

வீட்டிலேயே விழுங்கும் மாத்திரைகளில் உணவின் பங்கு மிகத் தெளிவாகத் தெரியும். கேப்சிடாபினைச் சாப்பிட்ட 30 நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும். நாள்பட்ட ரத்தப் புற்றுக்கான இமாட்டினிப், வயிற்றைப் புண்ணாக்காதிருக்க உணவோடும் நிறையத் தண்ணீரோடும். அதே நோய்க்கான நிலோட்டினிப்புக்கு விதி தலைகீழ்: சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும், பிறகும் 1 மணி நேரம் எதுவும் உண்ணக் கூடாது, உணவோடு எடுத்தால் ரத்தத்தில் அளவு ஏறி இதயத் துடிப்பைப் பாதிக்கலாம். இமாட்டினிப், நிலோட்டினிப்பைப் போலவே புராஸ்டேட் புற்றுக்கான அபிராடிரோனும் கண்டிப்பான பொருளில் கீமோ வகையைச் சேர்ந்ததல்ல. ஆனால் கொழுப்பு மிகுந்த உணவோடு எடுத்தால் அது உடலில் சேரும் அளவு 10 மடங்குவரை கூடும் என்பதால் வெறும் வயிற்றில் 1000 மில்லிகிராம் என்பது விதி. கொழுப்பு குறைந்த காலை உணவோடு 250 மில்லிகிராம் கொடுத்தாலும் பலன் ஏறத்தாழ அதேதான் என்று 72 பேரிடம் செய்த ஆய்வு 2018இல் காட்டியது. கைக்காசில் மருந்து வாங்கும் குடும்பங்களுக்கு இது பெரிய செய்தி. ஆனாலும் அளவைக் குறைப்பது மருத்துவரின் முடிவாகவே இருக்க வேண்டும்.

குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு நீண்ட காலம் கொடுக்கப்படும் மெர்காப்டோபியூரினைப் பாலோடு கொடுக்கக் கூடாது என்ற விதி பல காலம் இருந்தது. பாலில் உள்ள சாந்தைன் ஆக்சிடேஸ் நொதி அம்மருந்தைச் சிதைக்கும் என்பது காரணம். அமெரிக்கக் குழந்தைப் புற்றுநோய்க் குழுவின் ஆய்வு 2017இல் இதைத் தெளிவாக்கியது: பாலோடு கொடுத்தாலும் உணவோடு கொடுத்தாலும் நோய் திரும்புவதில் மாற்றம் இல்லை. மாத்திரை தவறுவதுதான் ஆபத்து. 100 நாளில் 5 நாளுக்கு மேல் தவறிய குழந்தைகளுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு கூடியது.

பழக்கடை

பம்பளிமாஸைக் கலப்பில் பெற்றோராகக் கொண்ட கிரேப்ஃப்ரூட், மருந்து உலகில் பேர்போன பழம். இவ்விரண்டிலும் உள்ள ஃப்யூரனோகூமரின்கள், குடல்சுவரில் மருந்தைச் சிதைக்கும் சிஒய்பி3ஏ4 நொதியை அழித்துவிடும். புது நொதி உருவாக ஓரிரு நாள் ஆகும். ஆகவே காலையில் பழம், மாலையில் மாத்திரை என்று பிரித்துப் பயனில்லை. இமாட்டினிப், நிலோட்டினிப், மார்பகப் புற்றுக்கான லப்பாட்டினிப் எடுப்பவர்கள் இவற்றைத் தவிர்க்க வேண்டும். சாத்துக்குடி, கமலா ஆரஞ்சுக்கு இந்தத் தடை இல்லை.

முள்சீத்தாவைப் புற்றுக்கு மருந்து என்று பலர் தேடி வாங்குகிறார்கள். ஆய்வகத் தட்டில் அணுக்களைக் கொல்வதற்கும் மனிதரின் நோயைக் குணமாக்குவதற்கும் இடைவெளி பெரிது. 1854 முதல் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து தமிழர்கள் கூலிகளாகக் கப்பலேறிச் சென்ற குவாதலூப் தீவில், இப்பழத்தையும் இலைக் கஷாயத்தையும் நெடுநாள் உட்கொண்டவர்களிடம் வழக்கத்துக்கு மாறான பார்க்கின்சன் வகை நரம்பு நோய் மிகுந்திருந்ததைப் பிரெஞ்சு மருத்துவர்கள் 1999இல் பதிவு செய்தனர். பழத்திலுள்ள அனோனாசின் என்ற நரம்பு நச்சின்மேல் பிந்தைய ஆய்வுகளில் சந்தேகம் விழுந்தது.

மஞ்சள், மிளகு, சீந்தில்

குழம்பில் போடும் மஞ்சளும் மிளகும் சிக்கல் இல்லை. குப்பியில் விற்கும் குர்குமின் மாத்திரை வேறு கணக்கு. மிளகின் பைப்பரின், குர்குமின் உறிஞ்சலை 20 மடங்கு கூட்டுவதை பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வு 1998இல் காட்டியது. அதே பைப்பரின் பிற மருந்துகளின் அளவையும் மாற்றக்கூடும்: மார்பகப் புற்றுக்கான டமோக்சிபென் எடுத்த 16 பெண்களிடம் நெதர்லாந்தில் செய்து 2019இல் வெளியான ஆய்வில், குர்குமினோடு பைப்பரினும் சேர்ந்தபோது மருந்தின் செயல்படு வடிவம் சுமார் 12 விழுக்காடு குறைந்தது. கொரோனா காலத்தில் மும்பையில் சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டது பதிவாகியிருக்கிறது. கல்லீரலைப் பாதிக்கக்கூடிய மெத்தோட்ரெக்சேட், மெர்காப்டோபியூரின் எடுப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். மல்டிபிள் மைலோமாவுக்கான போர்ட்டெசோமிப்போடு கிரீன் டீயின் இ.ஜி.சி.ஜி. பிணைந்து அதை முடக்குவதாக ஆய்வகச் சோதனைகள் 2009இல் காட்டின.

கருவாடு, ஐஸ், மீன்

கருவாடு எல்லோருக்கும் ஆகாததல்ல. ஹாட்ஜ்கின் நோய்க்கும் சில மூளைக் கட்டிகளுக்கும் தரும் புரோகார்பசின் எடுப்பவர்கள் மட்டும் டைரமின் மிகுந்த கருவாடு, பழைய சீஸ், ஒயின் ஆகியவற்றை விலக்க வேண்டும். ரத்த அழுத்தம் எகிறும். பிரெஞ்சுச் சாப்பாடு பழகிய ஊரில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆக்சாலிப்ளாட்டின் ஏற்றியபின் சில நாள் ஐஸ் தண்ணீர் தொண்டையிலும் விரல்களிலும் ஊசி குத்துவதுபோல் இருக்கும். ஃப்ளூரோயூராசிலை மட்டும் வேகமாக ஏற்றும்போதோ, ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டால் வாய்ப்புண் குறையும்.

வெள்ளணுக்கள் குறைந்த நாட்களில் பச்சைக் காய், பழம் அனைத்தையும் தடுக்கும் வழக்கமும் ஆட்டம் கண்டிருக்கிறது. இத்தாலியில் ஸ்டெம்செல் சிகிச்சை பெற்ற 222 பேரிடம் அந்தத் தடை தொற்றைக் குறைக்கவில்லை என 2023இல் தெரியவந்தது. நறுக்கி வைத்து விற்கும் பழத்தை விட்டு, முழுப் பழமாக வாங்கி நன்றாகக் கழுவி வீட்டில் நறுக்குவது போதுமானது. மீனும் முட்டையும் முழுதாக வேக வேண்டும்.

ஐரோப்பிய ஊட்டச்சத்துச் சங்கமான எஸ்பெனின் வழிகாட்டுதல், புற்று நோயாளிக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரியும், 1 முதல் 1.5 கிராம் புரதமும் பரிந்துரைக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 90 கிராம் புரதம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 100 கிராம் மத்தி மீனில் சுமார் 20 கிராம், 30 கிராம் பருப்பில் சுமார் 7 கிராம். வாய்ப்புண் உள்ளவருக்குக் காரமும் புளியும் குறைத்து, குழைத்த சோற்றில் முள் நீக்கிய மீனையோ மசித்த பருப்பையோ பிசைந்து, நாளைக்கு ஐந்தாறு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.