லயத்துக்கு எந்த நூல்?

ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் ஆசிரியரும் இளைஞரும் கூடி வாசகர் வட்டம் ஒன்றை அமைக்க முற்படும்போது முதலில் எழும் வினா, ஓராண்டுக் காலத்தில் எவ்வெந் நூல்களைப் படிப்பது என்பதாகும். பட்டியல் இடுவது கடினமன்று. பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்ற இருவர் ஒரு மாலைப்பொழுதில் அதனை முடித்துவிடலாம். ஆயினும் இருநூறு ஆண்டுகளாக இம்மக்களுக்கென நூல்களைத் தெரிந்தெடுத்தோர் யாவர், எந்த நோக்கத்துடன் தெரிந்தெடுத்தனர் என்பதை ஆராயாது இடப்படும் பட்டியல், பழைய ஏற்பாட்டின் புதிய பிரதியாகவே அமைந்துவிடும். ஆகவே சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

1820களில் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியபோது, தமிழகக் கிராமங்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள் ஏடுகளைச் சுமந்து வந்தவர்கள் அல்லர். அவர்கள் கொணர்ந்தவை தாலாட்டும் ஒப்பாரியும், காமன் கூத்தும் பொன்னர் சங்கர் கதையுமே. கோப்பிக் காலத்தில் அச்சேறிய நூலொன்று நமக்குக் கிடைக்கின்றது. ஆபிரகாம் ஜோசப் என்பார் 1869இல் வெளியிட்ட 'கோப்பிக் கிருஷிக் கும்மி' அது. காடு வெட்டுவது முதற்கொண்டு பயிர்ச்செய்கை முழுவதையும் கும்மி மெட்டில் அது விளக்குகின்றது. மெட்டு மக்களுடையது, பார்வையோ வேலை வாங்குவோருடையது. மலையகத்துக்கெனத் தெரிந்தெடுக்கப்பட்ட முதல் நூல் எது என்று கேட்டால் இதனைச் சுட்டலாம் போலும்! அதே 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது; இருபது ஆண்டுகளுக்குள் மலைகள் தேயிலைக்கு மாறின.

தேயிலைக் காலத்து லயங்களில் புத்தகம் இல்லாமற் போகவில்லை. சென்னையில் இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்றோர் அச்சிட்ட 'பெரிய எழுத்து'ப் புத்தகங்கள், அல்லி அரசாணி மாலையும் மதனகாமராஜன் கதையும், தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தன. எழுத்தறிந்த ஒருவர் இஸ்தோப்பில் அமர்ந்து இராகமிட்டு வாசிப்பார். பலர் சூழ்ந்திருந்து கேட்பர். ஒரு லயத்துக்கு ஒரு பிரதி போதுமானதாயிருந்தது. படித்தவர்களாகிய நாம் இப்புத்தகங்களை எள்ளி நகையாடுவது வழக்கம். நான் அவ்வாறு கருதவில்லை. பகலெல்லாம் கங்காணியின் அதட்டலைக் கேட்டு மலையில் நின்ற பெண், மதுரையைத் தனித்து ஆண்ட அல்லியின் ஆணையை இரவில் கேட்டாள் என்பது சிறிய செய்தியன்று. எந்த அதிகாரியும் பரிந்துரைக்காமல், கேட்போரின் விருப்பத்தினாலேயே நிலைபெற்ற நூல்கள் அவை.

பாடசாலை வேறு நோக்குடையதாயிருந்தது. 1907, 1920 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் தோட்டப் பிள்ளைகளின் கல்விக்குத் தோட்ட நிர்வாகத்தைப் பொறுப்பாக்கின. வேலைக்கு ஆள் தேவைப்படும் துரையின் கையிலேயே பள்ளியும் ஒப்படைக்கப்பட்டமையால், எழுத்துக்கூட்டிப் படிக்கவும் சிறுகணக்குப் போடவும் கற்பித்ததுடன் அது பெரும்பாலும் நின்றுவிட்டது. 1945இல் நாட்டில் இலவசக் கல்வி அறிமுகமானபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் முழுப்பயனுக்கு வெளியிலேயே நின்றன. தோட்டங்கள் 1970களில் தேசியமயமான பின்னரே அரசு அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது.

இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வகை நூலொன்றைக் கொண்டுவந்தவர் கோ. நடேசய்யர். தஞ்சையிலிருந்து வந்த இவர், தோட்டத்துக்குள் அயலார் நுழைவது அத்துமீறலாகக் கருதப்பட்ட அக்காலத்தில், புடவை வியாபாரியின் வேடம் பூண்டு உள்ளே சென்று தொழிலாளர் நிலையைக் கண்டறிந்தார். 1921இல் 'தேசநேசன்', 1924இல் 'தேசபக்தன்' எனப் பத்திரிகைகள் நடத்தினார்; 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் அமைத்தார்; 1936 முதல் ஹட்டன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபையில் அமர்ந்தார். சிறு பிரசுரங்களும் பாட்டுப் புத்தகங்களும் நாடகமும் அவர் எழுதினார். அவர் துணைவியார் மீனாட்சி அம்மை கூட்டங்களில் பாரதி பாடல்களையும் தம் பாடல்களையும் பாடினார். 1940இல் அவர் வெளியிட்ட 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் பாட்டுப் புத்தகம், மக்கள் முன்பே அறிந்த மெட்டுகளில் அரசியலை ஏற்றியது. 'பெரிய எழுத்து'ப் புத்தகம் உண்டாக்கியிருந்த கேட்கும் பழக்கமே இப்பாடல்களுக்கும் வழியமைத்தது. எழுத்தறிவில்லாதவர்க்கு அச்சிட்ட புத்தகத்தை விற்பதில் முரண்பாடு இருப்பதாக அத்தம்பதியர் எண்ணவில்லை. வீட்டில் ஒரு பிள்ளை வாசித்தால் போதும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

மாக்சிம் கோர்க்கியின் 'தாய்' நாவலைப் படித்தோர்க்கு இவ்விடத்தில் ஒரு காட்சி நினைவுக்கு வரும். உணவு விற்பவளுக்கு உதவியாகச் செல்பவள் போன்று தொழிற்சாலைக்குள் துண்டுப் பிரசுரங்களைக் கடத்திச் செல்கின்றாள் நீலவ்னா. அவளும் முதலில் எழுத்தறியாதவளே. தன் வீட்டில் மகனும் தோழர்களும் நூல் வாசிக்கக் கேட்டுக் கேட்டே அவள் விழிப்புற்றாள். முதுமை நெருங்கும் பருவத்தில் எழுத்துக் கற்றாள்.

கியூபாவின் சுருட்டுத் தொழிலாளர் இதனை ஒரு முறையாகவே வளர்த்தனர். 1865இல் ஹவானாத் தொழிற்சாலைகளில், கைகள் சுருட்டுச் சுற்றிக்கொண்டிருக்க ஒருவர் உரக்க வாசிக்கும் வழக்கம் தோன்றியது. வாசிப்பவருக்குக் கூலி கொடுத்தவர்கள் முதலாளிகள் அல்லர், தொழிலாளரே. எனவே எந்த நூலை வாசிப்பது என்பதையும் அவர்களே முடிவு செய்தனர், வாக்கெடுப்பும் நடைபெற்றதுண்டு. அடுத்த ஆண்டே ஸ்பானிய ஆட்சி இதனைத் தடைசெய்ததென்றால், அதன் வலிமையை அது நன்கு உணர்ந்திருந்தது என்பதே பொருள். தடை நிலைக்கவில்லை. அத்தொழிலாளர் விரும்பிக் கேட்ட துமாவின் நாவலொன்று, 'மான்ட்டே கிறிஸ்டோ' என்ற சுருட்டுப் பெயராக நிலைத்துவிட்டது. பாட்டாளிகள் பாட்டாளிகளின் கதையைத்தான் விரும்புவர் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிடும் நம்மவர் சிலர், இச்செய்தியைச் சிந்திப்பது நன்று.

1948இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964இன் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கென்றும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. வீட்டை விட்டுப் புறப்படுவோர் புத்தகம் சேர்ப்பதில்லை. எனினும் மலையகம் தன்னைத் தானே எழுதத் தொடங்கியது இக்காலத்திலேதான். சி. வி. வேலுப்பிள்ளை, என். எஸ். எம். இராமையா, தெளிவத்தை ஜோசப் முதலியோர் இம்மண்ணிலிருந்தே தோன்றினர். முன்னர் பிறர் தெரிந்தெடுத்த நூல்களைக் கேட்டிருந்த லயம், தன்னைப் பற்றிய நூல்களைத் தானே தெரிந்தெடுக்கும் வாய்ப்பு அப்போதுதான் பிறந்தது.

இனி ஓராண்டுக்கு வருவோம். முதலாவதாக, சி. வி. தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' (1983) என்பேன். இந்நூலைப் பொறுத்தவரை வயது முதிர்ந்த பெண்கள் ஆசிரியரைவிட அறிஞர்கள். அச்சிலுள்ள பாடத்தை மறுத்து வேறு பாடம் சொல்லும் தகுதி அவர்களுக்கு உண்டு. வட்டத்தின் முதற்கூட்டத்திலேயே அவர்கள் வாய்திறக்காவிடின் பின்னர் திறக்கமாட்டார்கள். மாசியில் காமன் கூத்து நடக்கும்; அக்காலத்தில் பெரிய நாவலை எடுப்பது வீண். அல்லி அரசாணி மாலை அம்மாதத்துக்கு ஏற்றது.

ஏப்பிரல், மே மாதங்களில் கொழுந்து மலிந்து, பெண்கள் ஓய்ந்து வீடு திரும்புவர். அவ்வேளையில் சிறுகதைகளே தகும். கொழுந்து பறிக்கும் பெண்ணின் கைத்திறனையும் தன்மானத்தையும் பொருளாகக் கொண்ட இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' ஒரே அமர்வில் முடியும். அடுத்து ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' (1979) தொகுதியிலிருந்து சில கதைகள். தென்மேற்குப் பருவமழை நின்று பெய்யும் மாதங்களுக்கு நீண்ட நாவல்களை ஒதுக்கலாம். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' (1964) ஒன்று. ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' (1974) மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையில் புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யை வைக்க விரும்புகின்றேன். அவர் தோட்டத்தில் வாழ்ந்தவர் அல்லர். மருதியின் கதையைக் கேட்டுவிட்டு, எது உண்மை, எது ஊகம் என்று தோட்டத்து மக்களே தீர்ப்புக் கூறட்டும்.

சாரல் நாடனின் 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' (1988) வரலாற்றுக்காக இடம்பெற வேண்டும். இது உரக்க வாசிப்பதற்குச் சற்றுக் கனமானதாகையால் பகுதிகளைத் தேர்ந்து கொள்ளலாம். 'தாய்' நாவலை ரகுநாதனின் தமிழில் வாசிக்கலாம். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய' (1944), உவைஸ் அவர்களால் 'கிராமப் பிறழ்வு' எனத் தமிழாகியுள்ளது. தோட்ட எல்லைக்கு அப்பால் வாழும் சிங்களக் கிராமத்தவரின் உள்ளத்தை நம் மாணவர் தொலைக்காட்சிச் செய்தியின் வாயிலாக மட்டுமே அறிவது ஆபத்தானது. இதனைச் சிலர் எதிர்ப்பர். எதிர்ப்பும் கூட்டத்தில் வெளிவரட்டும்.

பத்துப் படைப்புகள் ஆயின. எஞ்சிய மாதங்களை நான் வேண்டுமென்றே நிரப்பாமல் விடுகின்றேன். அவற்றை ஹவானாத் தொழிலாளர் செய்தவாறு உறுப்பினர் வாக்கினால் நிரப்புவர். துப்பறியும் நாவலோ, திரைப்பட நடிகரின் வரலாறோ வெற்றிபெறக் கூடும். பெறட்டுமே! ஒடுக்கப்பட்டவரின் துயரத்தையே பன்னிரண்டு மாதமும் ஒடுக்கப்பட்டவருக்கு வாசித்துக் காட்டுவது தொண்டாகாது.

பணத்தைப் பற்றியும் கூற வேண்டும். நாட்கூலி ஆயிரம் ரூபாவாவதற்கு 2021 வரை ஆண்டுக்கணக்காகப் போராட வேண்டியிருந்தது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் கடதாசித் தட்டுப்பாடு ஏற்பட்டுப் புத்தக விலை மேலும் உயர்ந்தது. ஆளுக்கொரு பிரதி என்னும் நகரத்து முறை இங்கு நடவாது. நடக்க வேண்டிய தேவையும் இல்லை. பழைய மலையக நூல்கள் பல கடைகளில் கிடைப்பதில்லை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் இலங்கைத் தமிழ் நூல்களும் இதழ்களும் ஆயிரக்கணக்கில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. முதலில் அங்கே தேடிவிட்டுப் பின்னரே பணம் திரட்டலாம்.

கூடும் நேரம் ஞாயிறு பிற்பகலாக இருப்பது நலம். வார நாட்களில் மாலையில் கூடினால் ஆண்களே வருவர். பெண்களுக்கு அது அடுப்பு மூட்டும் வேளை. முதல் மாதத்தில் ஆசிரியர் எவரும் வாசித்தல் கூடாது. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி வாசிக்கட்டும். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் சற்று நிறுத்துமாறு அவளிடம் முன்பே சொல்லி வைத்தல் வேண்டும். யாரேனும் ஒரு பாட்டி குறுக்கிட அவ்விடைவெளி தேவைப்படும்.