புதைநிலத்தின் நுகர்வோர் யார்?

அமெரிக்காவில் இறப்பு ஒரு வணிகமாக வளர்ந்த வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1963ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவர். ஈமச்சடங்கு நிறுவனங்கள் துயரில் இருக்கும் குடும்பங்களிடம் தேவையற்ற செலவுகளைத் திணிப்பதை ஜெசிக்கா மிட்ஃபர்ட் அவ்வாண்டு வெளியிட்ட நூல் அம்பலப்படுத்தியது. அது எழுப்பிய விவாதத்தின் தொடர்ச்சியாக மத்திய வணிக ஆணையம் வகுத்த ஈமச்சடங்கு விதி 1984இல் நடைமுறைக்கு வந்தது. விலைப்பட்டியலைக் கேட்பவருக்கு அளித்தாக வேண்டும். எரியூட்டலுக்குச் சவப்பெட்டி கட்டாயம் என்று கூறலாகாது. சட்டம் கோராதபோது உடலைப் பதப்படுத்துவது சட்டத்தேவை என்று பொய்யுரைக்கலாகாது. இவை அவ்விதியின் முதன்மைக் கூறுகள்.

ஆனால் ஈமப் பொருள்களையும் சேவைகளையும் சேர்த்து விற்போரையே அவ்விதி கட்டுப்படுத்தியது. புதைநிலத்தை மட்டும் விற்கும் கல்லறைத் தோட்டங்கள் அதன் எல்லைக்கு வெளியே நின்றன. அவற்றைக் கண்காணிப்பது மாநிலங்களின் பொறுப்பாயிற்று. இல்லினாய் மாநிலத்தில் கல்லறைப் பராமரிப்புக்கென ஒதுக்கப்பட்ட அறக்கட்டளை நிதியை மாநிலக் கணக்குக் கட்டுப்பாட்டாளர் தணிக்கை செய்தார். பணம் தணிக்கைக்கு உட்பட்டது. எந்தக் குழியில் யார் புதைக்கப்பட்டார் என்ற பதிவேடு அவ்வாறு உட்படவில்லை.

இந்த இடைவெளியின் விலை 2009 ஜூலையில் வெளிப்பட்டது. சிக்காகோவை அடுத்த ஆல்சிப்பில் உள்ள பர் ஓக், 1927இல் நிறுவப்பட்ட கறுப்பினத்தவரின் கல்லறைத் தோட்டம். பல கல்லறைத் தோட்டங்கள் அவர்களுக்கு இடமளிக்க மறுத்த காலத்தில் உருவானது. அங்கே பழைய கல்லறைகளைத் தோண்டி, எச்சங்களை அகற்றி, அவ்விடங்களை மீண்டும் விற்றதாக ஊழியர் நால்வர் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. 300 வரை கல்லறைகள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அதிகாரிகள் தொடக்கத்தில் மதிப்பிட்டனர். உறவினர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு தம்மவரின் இடத்தைத் தேடினர். பதிவேடுகளோ சிதைந்தும் குழம்பியும் கிடந்தன.

1955இல் மிசிசிப்பியில் கொலையுண்ட 14 வயதுச் சிறுவன் எம்மெட் டில் அடங்கிய இடமும் பர் ஓக்தான். அவனது கல்லறை சிதைக்கப்படவில்லை. ஆயினும், 2005ஆம் ஆண்டு உடற்கூறாய்வுக்குப் பின் மாற்றப்பட்ட அவனது முதற் சவப்பெட்டி, அத்தோட்டத்துக் கொட்டகை ஒன்றில் துருப்பிடித்துக் கிடந்தது. தன் மகனுக்கு நேர்ந்ததை உலகம் காண வேண்டுமென்று தாய் திறந்துவைத்த பெட்டி அது. பின்னர் அது ஸ்மித்சோனியன் நிறுவனத்திற்கு வழங்கப்பட்டது.

2010இல் இல்லினாய் கல்லறைக் கண்காணிப்புச் சட்டத்தை இயற்றியது. உரிமம், அடக்கங்களுக்கான மாநிலத் தரவுத்தளம், நுகர்வோர் உரிமைகள் ஆகியன அதில் இடம்பெற்றன. கல்லறைத் தோட்டங்களையும் மத்திய விதிக்குள் கொணர பாபி ரஷ் 2009இல் முன்வைத்த மசோதா சட்டமாகவில்லை.

நுகர்வோர் சட்டம் பொதுவாக விற்பனை நாளையே நோக்குகிறது: விலை தெரிந்ததா, வாங்குபவர் ஏமாற்றப்பட்டாரா என்று கேட்கிறது. புதைநிலத்திலோ விற்கப்படுவது ஒரு பொருளன்று, காலவரம்பற்ற வாக்குறுதி. வாங்கியவர் மறைந்து, அவர் மக்களும் மறைந்த பின்னரும் அது நிறைவேற்றப்பட வேண்டும். அப்போது முறையிட எவரும் எஞ்சுவதில்லை. எஞ்சும் ஒரே சாட்சி பதிவேடு. பொதுச் சமூகம் காக்கத் தவறிய சாட்சியும் அதுவே. வாழ்நாளில் ஒதுக்கப்பட்டவர்களின் நிலத்தில் அத்தவறு வெடித்ததைத் தற்செயல் என்று கடந்துவிட இயலாது.