கண்ணாடியில் ஒட்டிய வரி: அருப்புக்கோட்டை – திருச்சுழி வட்டாரத்தை முன்வைத்துச் சாலை வரியின் நியாயம் குறித்து

பிரிட்டனில் வாகன வரி கட்டியதற்கு அடையாளமாக வண்டிக் கண்ணாடியில் ஒட்டும் வட்டத்தாள் 1921 ஜனவரி 1 அன்று வந்தது. 2014 அக்டோபர் 1 அன்று போனது. அதே வேலையைச் செய்த தமிழ்நாட்டு வரி டோக்கனுக்கு அப்படித் தேதி குறித்த முடிவு கிடையாது. சொந்த வாகனங்களுக்கு, வாங்கும்போதே ஒரேயடியாகக் கட்டும் ஆயுள்கால வரி வந்ததும் அதன் தேவை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. எஞ்சியதை ‘வாகன்’ என்ற வாகனப் பதிவுத் தரவுத்தளமும், மின்னணு ஆவணங்களுக்கு இடமளித்த 2018ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தமும் முடித்துவைத்தன.

தாள் போனதை வசதி என்ற கோணத்தில் மட்டுமே பேசிவருகிறோம். அந்தத் தாளில் ஒரு கெடு அச்சாகியிருந்தது. இந்தக் காலாண்டில் சாலையில் ஓடுவதற்கு இந்தத் தொகை என்பதே அதன் பொருள். ஆயுள்கால வரி அந்தத் தொடர்பை அறுத்து, சாலை வரியைக் கொள்முதல் வரியாக மாற்றிவிட்டது. தவணை தவணையாக வசூலிப்பது அலுவலகங்களுக்குப் பெரும் சுமை என்பது அன்று பொருந்திய காரணம். எல்லா வண்டியும் கணினியில் பதிவாகிவிட்ட பிறகு அது செல்லாது.

இதன் விளைவு மானாவாரிப் பூமியில் துலக்கமாகத் தெரியும். அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் விவசாயம். மிளகாய், மல்லி, பருத்தி, சோளம் என எதுவானாலும் காசு கைக்கு வருவது பெரும்பாலும் அறுவடையை ஒட்டித்தான். பேருந்து எப்போதாவது வரும் ஊர்களில் இருசக்கர வண்டி ஆடம்பரம் அல்ல. 2023 நவம்பரில் நடப்புக்கு வந்த திருத்தப்படி, ஒரு லட்சம் ரூபாய் வரையிலான இருசக்கர வண்டிக்கு 10 விழுக்காடு, அதற்கு மேல் 12 விழுக்காடு வரி. முன்பு 8 விழுக்காடாக இருந்தது. 90,000 ரூபாய் வண்டிக்கு 9,000 ரூபாய். கடைக்காரர் அதை ‘ஆன்-ரோடு’ விலையில் சேர்த்துவிடுவார். வாங்குபவர் ஃபைனான்ஸ் போட்டால் வரிக்கும் சேர்த்து வட்டி கட்டுவார். அரசுக்கு முன்பணம், விவசாயிக்குக் கடன். மழை பொய்த்து, வீட்டுக்காரர் திருப்பூருக்கு வேலைக்குப் போனால் வண்டி திண்ணையோரம் நிற்கும். வரி ஏற்கெனவே கட்டியாயிற்று.

ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் ஓட்டும் திருச்சுழி விவசாயியையும், 20,000 கிலோமீட்டர் ஓட்டும் மதுரை டெலிவரி ஊழியரையும் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். பதினைந்து ஆண்டில் முன்னவருக்குக் கிலோமீட்டருக்கு 20 பைசா, பின்னவருக்கு 3 பைசா விழுகிறது (வண்டி அத்தனை ஓட்டம் தாங்கினால்). டெலிவரி ஊழியரும் வசதிக்காரர் அல்லர். அவர் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்பது என் கட்சியும் அல்ல. கோணல் இருப்பது வரியை அமைத்த விதத்தில். காரில் அது இன்னும் அப்பட்டம்: பத்து லட்சம் ரூபாய்க் காருக்கு 13 விழுக்காடு, 1,30,000 ரூபாய். விலை அதைச் சற்றே தாண்டினால் முழு விலைக்கும் 18 விழுக்காடு. வரி ஒரேயடியாக 50,000 ரூபாய் எகிறுகிறது.

ஓட்டத்துக்கேற்ற வரியைப் பெட்ரோல் ஏற்கெனவே வசூலிக்கிறதே என்று கேட்கலாம். வலுவான மறுப்புதான். 2021 ஆகஸ்ட் குறைப்புக்குப் பின் மாநில வரி 13 விழுக்காட்டுடன் லிட்டருக்கு 11.52 ரூபாய். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் வண்டியில் அந்த நிலைத்தொகை மட்டுமே கிலோமீட்டருக்கு 23 பைசா. ஆனால் இந்த மறுப்பு ஆயுள்கால வரியைக் காப்பாற்றவில்லை. சாலைப் பயன்பாட்டுக்கு என்று அதை இனியும் நியாயப்படுத்த முடியாது என்றே காட்டுகிறது. விசாகப்பட்டினம் எஃகு ஆலை வளாகத்துக்குள் மட்டும் ஓடிய வண்டிகள் பற்றிய வழக்கில், 2025இல் உச்ச நீதிமன்றம் மோட்டார் வாகன வரியைப் பொதுச் சாலைப் பயன்பாட்டோடு இணைத்தே பார்த்தது. மின்வண்டி பெருகப் பெருகப் பெட்ரோல் வரியும் தேயும். நியூசிலாந்து 1970களின் இறுதியிலிருந்தே டீசல் வண்டிகளுக்கு எடையும் தூரமும் பார்த்து வரி போடுகிறது. 2024 ஏப்ரலில் மின்கார்களையும் அதில் சேர்த்தது.

எடை என்பதுதான் இங்கே விட்டுப்போன பாதி. 1958–60இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் நடந்த சாலைச் சோதனையிலிருந்து பொறியாளர்கள் கொள்ளும் பொது விதி, அச்சுச் சுமையின் ஏறத்தாழ நான்காம் அடுக்குக்குச் சாலைச் சேதம் கூடும் என்பது. 2018இல் நான்கு டயர் அச்சுக்கான வரம்பு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்ந்தபோது சுமை 13 விழுக்காடுதான் கூடியது. அந்த விதிப்படி சேதம் சுமார் 60 விழுக்காடு கூடும். மொபெட் ஓடி ஊராட்சி ஒன்றியச் சாலை பெயர்வதில்லை. எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றிய டிப்பர், கரிமூட்டத்திலிருந்து சீமைக்கருவேலக் கரி ஏற்றிப் போகும் லாரி ஆகியவற்றின் கீழ்தான் அது பெயர்கிறது. லாரிக்கு எடைப்படி வரி உண்டு. எத்தனை தூரம், எந்தச் சாலை என்ற கேள்வி அதில் இல்லை.

மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலைக்கு எலியார்பத்தியிலும் புதூர் பாண்டியாபுரத்திலும் டோல்கேட் இருக்கிறது. நரிக்குடிக்குப் போகும் கிளைச்சாலைக்கு அப்படி எதுவும் கிடையாது, வேண்டவும் வேண்டாம். 1931ஆம் ஆண்டின் சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம் உள்ளாட்சிகளின் சுங்கத்துக்கு மாற்றாக வந்தது. அந்த இழப்புக்கு ஈடு தரவும் வழி செய்தது. உள்ளூர்ச் சாலை தேய்ந்தால் உள்ளாட்சிக்குப் பங்கு உண்டு என்ற அந்தக் கொள்கையை மீட்டெடுக்க வேண்டும்.

விலை குறைந்த இருசக்கர வண்டிக்கு ஆண்டுத் தவணையை விருப்பத் தேர்வாகத் தரலாம். விலை வரம்பைத் தாண்டிய பகுதிக்கு மட்டும் கூடுதல் விழுக்காடு போடலாம். தூர வரிக்காக ஊரார் எல்லோர் வண்டியிலும் ஜிபிஎஸ் மாட்டுவதை நான் ஏற்கமாட்டேன்; யார் எங்கே போகிறார் என்பது அரசுக்குத் தேவையற்ற விவரம். கனரக வண்டியிலிருந்து தொடங்கினால் அந்தச் சிக்கலும் குறைவு. கனிமம் ஏற்றும் லாரிக்கு நடைச்சீட்டு ஏற்கெனவே உண்டு. எடை, புறப்படும் இடம், சேரும் இடம் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. அதை வைத்து டன்-கிலோமீட்டர் கணக்கிட்டு, வழியில் உள்ள ஊராட்சி ஒன்றியத்துக்கு அந்தத் தொகையை வரவு வைக்கப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. போக்குவரத்துத் துறையும் கனிமவளத் துறையும் தங்கள் பதிவேடுகளை இணைத்தால் போதும்.