எஞ்சினின் உள்மூச்சு

வரலாறு என்றால் அரசர்தம் ஆட்சியும் போர்களுமே என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். ஒரு சிறு கருவியின் கதையிலும் மனித அறிவு வளர்ந்த வழியைக் காணலாம் என்று, நான் வரலாறு கற்பித்த காலத்தில் வகுப்பில் கூறுவதுண்டு. மோட்டார் எஞ்சினின் அடியிலுள்ள கிராங்க் பெட்டியில் சேரும் அழுத்தத்தின் கதை அத்தகைய ஒன்று.

மதுரையிலிருந்து இராஜபாளையம், புளியங்குடி வழியாகத் தென்காசி செல்லும் பெருஞ்சாலை எங்கள் கடையநல்லூர் வழியே செல்கிறது. இத்தகைய சாலைகளின் ஓரத்துப் பட்டறைகளில் ஒரு காட்சியைக் காணலாம். எஞ்சின் ஓடும்போதே மெக்கானிக் ஆயில் மூடியைத் திறந்து பார்ப்பார். புகை குபுகுபுவென்று வந்தால், "ரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும்" என்பார். வண்டிக்காரருக்கு அது பெருஞ்செலவு. அந்தத் தீர்ப்பு எப்போதும் சரியானதுதானா?

சிலிண்டருக்குள் எரிபொருள் எரியும்போது பல மடங்கு வளிமண்டல அழுத்தம் உண்டாகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் அதைத் தடுத்து நிறுத்துகின்றன. எனினும், புதிய எஞ்சினிலும் சிறிதளவு வாயு அவற்றைக் கடந்து கிராங்க் பெட்டிக்குள் இறங்கியே தீரும். அதற்குப் போக்கிடம் இல்லையெனில் அழுத்தம் ஏறும். ஆயில் சீல்கள் கசியும். அளவு பார்க்கும் குச்சியும் மேலே எழும்பும்.

இவ்வழுத்தம் தொடக்கத்தில் மனிதனுக்குப் பணியாளாகவே இருந்தது. 1885-இல் ஜெர்மனியின் காட்லீப் டைம்லர், பிஸ்டனின் அடிப்புறத்தையே பம்பாகக் கொண்டு, கிராங்க் பெட்டியிலிருந்து சிலிண்டருக்குள் காற்றைத் தள்ளும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் இங்கிலாந்தின் ஜோசப் டே, கிராங்க் பெட்டியின் அழுத்தத்தாலேயே இயங்கும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினை உருவாக்கினார். 1980-இல் ஓசூரிலிருந்து வெளிவந்து நம் சிற்றூர்களெங்கும் ஓடிய டி.வி.எஸ். 50 வண்டியும் இம்முறையில் இயங்கியதே.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினிலோ அதே அழுத்தம் பகையாயிற்று. பழங்காலப் பொறியாளர்கள் ஒரு குழாயைச் சாலையை நோக்கி இறக்கிவிட்டு, வாயுவை வெளியே விட்டார்கள். அந்த வாயு எங்கே செல்கிறது என்று நெடுங்காலம் எவரும் கவலைப்படவில்லை. அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்து வந்த ஹாகன்-ஸ்மிட் என்னும் வேதியியலறிஞர், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கண்ணெரிக்கும் புகைமூட்டத்திற்கு மோட்டார் வண்டிகளின் ஆவியும் காரணம் என்று 1950-களின் தொடக்கத்தில் நிறுவினார். அதன் விளைவாக, 1961 முதல் கலிபோர்னியாவின் புதிய கார்களிலும், 1963 முதல் அமெரிக்கா முழுவதிலும், கிராங்க் பெட்டியின் வாயுவை மீண்டும் எஞ்சினுக்கே உறிஞ்சி எரிக்கும் வால்வு இடம்பெற்றது. தெருவில் எறிந்ததை வீட்டிலேயே எரிக்கக் கற்றார்கள்.

இனி மிகைக்காற்று ஊட்டும் கருவியாகிய சூப்பர்சார்ஜருக்கு வருவோம். நெசவூராகிய கடையநல்லூரில் இருந்து பேசுவதால் ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். 1860-இல் இத்தகைய ஊதுகருவிக்குக் காப்புரிமை பெற்ற அமெரிக்காவின் ரூட்ஸ் சகோதரர்கள், கம்பளி ஆலை நடத்தியவர்கள். முதலில் உலைகளுக்கு ஊதிய அக்கருவியின் வகை பின்னர் எஞ்சினுக்கும் வந்தது. 1921-இல் மெர்சிடிஸ் நிறுவனம் சூப்பர்சார்ஜர் பூட்டிய கார்களைப் பெர்லின் கண்காட்சியில் வைத்தது. எஞ்சினின் கழிவுப் புகையால் சுழலும் டர்போவும் அதே பணியைச் செய்வது. நம் மாநிலத்தில், 1949-இல் சென்னையில் தோன்றிய இந்தியா பிஸ்டன்ஸ் பிஸ்டன்களையும் வளையங்களையும் செய்தது. 1982-இல் தொடங்கிய டர்போ எனர்ஜி நிறுவனம் டர்போக்களைச் செய்யலாயிற்று.

சாதாரணப் பெட்ரோல் எஞ்சினின் உள்ளிழுகுழாயில் காற்று குறைவழுத்தத்தில் இருப்பதால், அது கிராங்க் பெட்டியின் வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். சூப்பர்சார்ஜர் ஊதும்போதோ அதே குழாயில் மிகையழுத்தம் நிற்கும். அவ்வேளையில் ஒருவழி வால்வு மூடிக்கொள்ள வேண்டும். வாயு வேறொரு குழாய் வழியே ஊதுகருவிக்கு முன்புறம் செல்ல வேண்டும். வால்வு மூடாவிடில், ஊதிய காற்று நேரே கிராங்க் பெட்டிக்குள் புகும். ஒரு வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 10 மீட்டர் நீர்த்தம்பத்திற்கு ஈடு. ஆகவே அரை வளிமண்டல ஊதழுத்தம் 5 மீட்டர் நீருக்கு ஈடாகும். கிராங்க் பெட்டியின் இயல்பான அழுத்தமோ சில சென்டிமீட்டர் நீரளவேதான். சிறு கசிவும் எத்துணைக் கேடு செய்யும் என்று நீங்களே கணக்கிடலாம்.

ஆதலால் ஆய்வுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில், வாயுப்போக்குக் குழாய்கள் கசடால் அடைபட்டுள்ளனவா என்று பார்க்கவேண்டும். அடுத்து, ஒருவழி வால்வைக் கழற்றி, காற்று ஒரு திசையில் மட்டும் செல்கிறதா என்று சோதிக்கவேண்டும். பின்னர் அந்த இணைப்பைத் துண்டித்து, உள்ளிழுகுழாயின் வாயை அடைத்து, வாயுவுக்கு வேறு வழி விட்டு, எஞ்சினைப் பளுவுடன் இயக்கி அழுத்தத்தை அளக்கவேண்டும். அழுத்தம் தணிந்தால் குற்றம் வால்வினுடையது, வளையங்கள்மேல் பழியில்லை. தணியாவிடில், ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் காற்றைச் செலுத்திச் செவிசாய்க்க வேண்டும். ஆயில் வாயில் 'உஸ்' என்ற ஓசை மிகுந்தால் வளையங்களோ பிஸ்டனோ தேய்ந்துள்ளன. புகைக்குழாயில் கேட்டால் புகைவால்வு கசிகிறது. டர்போ பூட்டிய எஞ்சினில் இன்னொன்றும் உண்டு: அதன் அச்சின் சீல் தேய்ந்தால், புகையும் அழுத்தக் காற்றும் ஆயில் இறங்கும் குழாய் வழியே கிராங்க் பெட்டியை அடையும்.

மாணவர்களே! புகை ஒன்றே, காரணங்களோ நான்கு. கண்ணெதிரே தெரிவதைக் கண்டவுடன் தீர்ப்புச் சொல்வது எளிது. "இது எங்கிருந்து வந்தது? வேறு எவ்வழியாக வந்திருக்கக்கூடும்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நீக்குவதே அறிவின் வழி. ஓர் அரசின் வீழ்ச்சிக்குக் காரணம் தேடும் வரலாற்று மாணவனும் இதையே செய்கிறான். எளிய வண்டிக்காரர் ஒருவரின் சேமிப்பு வீணாகாமல் காப்பதும் இந்தப் பொறுமைதான். பட்டறையில் நாளை நிற்கப்போகும் உங்களுள் சிலர் இதை நினைவில் கொள்வீர்களாக.