எட்டு மணி நேரமும் அதற்கு வெளியே நின்றவர்களும்



இன்று ஜூலை 30. கடலூர் சாலைப் பக்கம் போனவர்கள் செங்கொடிகளைப் பார்த்திருப்பீர்கள். 1936 இல் இதே நாளில் சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். சவானா என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. பின்னாளில் சுதேசி மில் ஆனது அதுதான்.

அவர்கள் கேட்டது சங்கம் வைக்கும் உரிமையும் வேலை நேரக் குறைப்பும். அப்போது பாரீசில் கம்யூனிஸ்டுகளின் ஆதரவோடு லெயோன் ப்ளூமின் மக்கள் முன்னணி அரசு நடந்துகொண்டிருந்தது. அந்த அரசு 1936 ஜூனில் பிரான்சில் வாரம் 40 மணி நேர வேலையைச் சட்டமாக்கியது. அடுத்த மாதமே அதே கொடியின் கீழ் இங்கே துப்பாக்கிச் சூடு! வகுப்பில் இதைச் சொல்லும்போது எனக்கே கோபம் வரும்; பின் வரிசைக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

வ. சுப்பையா தலைமையில் போராட்டம் ஓயவில்லை. 1937 ஏப்ரல் 6 இல் எட்டு மணி நேர வேலை ஆணை வந்தது. அப்போது பக்கத்துக் கடலூரில், பிரிட்டிஷ் சட்டப்படி, ஆலைத் தொழிலாளி நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி வரை உழைக்க வேண்டும். அங்கே வாரம் 48 மணி ஆனது 1946 இல்தான். இந்தப் பெருமை நமக்கு உண்டு, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் அந்த எட்டு மணி நேரம் மில் வாசலுக்குள்தான் செல்லுபடியாகும். கொத்து வேலைக்குப் போனவருக்கும், வீட்டு வேலைக்குப் போன அம்மாவுக்கும் அது எட்டவில்லை. மில்லுக்குள்ளேயே நிரந்தரத் தொழிலாளி ஒரு சாதி, பதிலித் தொழிலாளி இன்னொரு சாதி. என் வகுப்பில் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். போனஸ் வந்த மாதம் யாருக்குப் புதுச் சட்டை, யாருக்கு இல்லை என்று சட்டென்று தெரியும். பொதுவுடைமை பேசிய சங்கங்கள் உள்ளே இருப்பவனின் சம்பளத்துக்காக உறுதியாக நின்றன. வாசலில் வேலைக்காகக் காத்திருந்தவன் விஷயத்தில் அந்த உறுதி இல்லை என்பது என் கருத்து. தோழர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

சுப்பையா 1969 இல் அமைந்த கூட்டணி அரசில் அமைச்சராகவும் இருந்தார். தொழிற்சங்க மேடை வேறு, பழைய இயந்திரங்களோடு நஷ்டத்தில் ஓடும் ஆலை வேறு. ரோடியர் என்று நாம் சொல்லும் ஏ.எஃப்.டி. ஆலையைப் பிறகு அரசே எடுத்து நடத்தியது. முதலாளி போனார், வறுமை போகவில்லை. 2011 தானே புயல் அடித்த அடியிலிருந்து அது எழவே இல்லை. 2020 ஏப்ரல் 30 ஓடு மூடிவிட்டார்கள்.

ரோடியரில் தறி ஓட்டிய ஒருவர், என் பழைய மாணவனின் அப்பா, இப்போது ஒரு விடுதியில் காவலாளி. ஷிஃப்ட் எத்தனை மணி என்று கேட்டேன். "பன்னெண்டு சார்" என்றார்.

உங்கள் வீட்டில் தாத்தாவின் மில் அடையாள அட்டையோ சம்பளச் சீட்டோ இருந்தால் படமெடுத்துக் கீழே போடுங்கள். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.