வெள்ளையணு சொன்ன துப்பு

உங்கள் வீட்டு பீரோவில் பழைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் ஏதாவது கிடக்கிறதா? எடுத்துப் பாருங்கள். 'டோட்டல் கவுன்ட்' என்று ஓர் எண் இருக்கும். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் எத்தனை வெள்ளையணுக்கள் என்கிற கணக்கு. ஏறக்குறைய 4,000-லிருந்து 11,000-க்குள் இருந்தால் 'நார்மல்தான்' என்று அடுத்த வரிக்குத் தாவிவிடுவோம். நம் கண் தேடுவது கொலஸ்ட்ராலைத்தானே! ஆனால், நாம் கண்டுகொள்ளாத அந்த எண்ணுக்கும் மாரடைப்புக்கும் ஒரு பழைய உறவு உண்டு.

கதை ஜெர்மனியில் ஆரம்பிக்கிறது. ருடால்ஃப் விர்ச்சோ என்ற இளம் டாக்டர். 1845-ல், இறந்துபோன ஒரு நோயாளியின் ரத்தம் வெளுத்துக் கிடந்ததைப் பதிவு செய்தவர். 'லுக்கீமியா' என்ற பெயரே பிற்பாடு அவர் வைத்ததுதான். அதே ஆசாமி, தடித்துப்போன ரத்தக் குழாய்களையும் அறுத்துப் பார்த்தார். வெறுமனே கொழுப்பு படிந்த சமாசாரம் இல்லை இது, குழாயின் சுவருக்குள்ளேயே அழற்சி நடக்கிறது என்றார். வியன்னாவில் இருந்த ரோகிடான்ஸ்கியோ, ரத்தத்திலிருந்து வந்து படிவதுதான் மூல காரணம் என்று சாதித்தார். பெரிய சண்டை!

விசித்திரம் என்னவென்றால், வெள்ளை ரத்தம், குழாய் அழற்சி என்று இரண்டு துப்பும் விர்ச்சோவின் கையிலேயே இருந்தன. முடிச்சுப் போடத்தான் ஆள் இல்லை. 1913-ல் ரஷ்யாவில் அனிச்கோவ், முயல்களுக்கு கொலஸ்ட்ரால் ஊட்டி அதன் ரத்தக் குழாய்களைத் தடிக்க வைத்துக் காட்டினார். அப்புறமென்ன... நாளடைவில் கொலஸ்ட்ரால்தான் வில்லன் என்று ஆகிப்போனது. அழற்சியை ஓரங்கட்டிவிட்டார்கள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. வெள்ளையணுக்களை மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். கண் பூத்துப்போகும்! ஆயிரக்கணக்கான பேருக்கு எப்படி எண்ணுவது? அமெரிக்காவின் வாலஸ் கோல்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு சின்ன ஓட்டை, அதன் வழியே மின்சாரம். அணு நுழையும்போதெல்லாம் மின்சாரம் லேசாகத் தடைபடும். அந்தத் தடையை எண்ணினால் போதும்! 1953-ல் காப்புரிமை கிடைத்தது. முதலில் அவர் ஓட்டை போட்டது சிகரெட் பாக்கெட்டின் கண்ணாடித் தாளில் என்பார்கள். சிகரெட் சமாசாரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரப்போகிறது.

1974-ல் கலிஃபோர்னியாவில் கேரி ஃப்ரீட்மனும் கூட்டாளிகளும் பழைய ஹெல்த் செக்கப் பதிவுகளைப் புரட்டினார்கள். பின்னாளில் மாரடைப்பு வந்தவர்களுக்கு, வருவதற்கு முன்பே வெள்ளையணு எண்ணிக்கை கூடுதலாக இருந்திருக்கிறது! உடனே ஒரு சந்தேகம். புகை பிடிப்பவர்களுக்கு வெள்ளையணு அதிகமாகத்தான் இருக்கும். அப்படியானால் குற்றவாளி அணுவா, சிகரெட்டா? நியாயமான கேள்விதான். இதிலேயே வருடங்கள் ஓடின.

1999-ல் ரஸல் ராஸ், ரத்தக் குழாய் அடைப்பு ஓர் அழற்சி நோய் என்று தலைப்பிலேயே அடித்துச் சொல்லி ஒரு கட்டுரை எழுதினார். கிட்டத்தட்ட விர்ச்சோ சொன்ன அதே பாட்டு! பிறகு, மொத்த எண்ணிக்கையைவிட நியூட்ரோஃபில்லை லிம்ஃபோசைட்டால் வகுத்துப் பாருங்கள் என்றார்கள். 2021-ல், 5 பெரிய ஆய்வுகளில் இருந்த 60,000 பேரின் கணக்கைப் பார்த்தபோது, அந்த விகிதம் ஏற ஏற மாரடைப்பு அபாயமும் ஏறியது. (உடனே கால்குலேட்டரைத் தேடாதீர்கள். ஒரு சாதாரண காய்ச்சல்கூட அந்த விகிதத்தை ஏற்றிவிடும்!)

சரி, அழற்சியை அடக்கினால் மாரடைப்பு குறையுமா? 2017-ல் பதில் கிடைத்தது. கானகினுமாப் என்ற ஊசி, கொலஸ்ட்ராலைக் குறைக்காமலேயே, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை 15 சதவிகிதம் குறைத்தது. ஆனால், உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கொஞ்சம் கூடின. விலையோ யானை விலை.

அடுத்து வந்தது மலிவான ஒரு பழைய மருந்து, கால்சிசின். கீல்வாதத்துக்குக் கொடுப்பது. 2023-ல் இதய நோய்க்கும் அமெரிக்கா அனுமதித்தது. இந்தச் சரக்கு எங்கே இருக்கிறது தெரியுமா? நம் ஊர் செங்காந்தளில்! தமிழ்நாட்டின் மாநில மலரேதான். விதைக்காகவே இங்கே பயிரிடுகிறார்கள். அதன் கிழங்கைத் தின்றால் ஆளையே கொன்றுவிடும் என்பது வேறு விஷயம்.

ஆனால், 2024-ல் வெளியான ஓர் ஆய்வில், மாரடைப்பு வந்த 7,000-க்கும் மேற்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் அதைக் கொடுத்து, மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பலன் தெரியவில்லை. முந்தைய சில ஆய்வுகளில் வேலை செய்த மருந்து, இதில் ஏன் காலை வாரியது? விர்ச்சோ கட்சியும் ரோகிடான்ஸ்கி கட்சியும் மறுபடி வாதாட உட்கார்ந்திருக்கிறார்கள்.